ராக்கன் கூப்பிட்ட பெயர்

புதுக்கோட்டை,
18-11-1962

பினாங்கில் இருக்கும் என் வீட்டுக்காரர் அடைக்கலம் அவர்களுக்கு, மாதாவின் துணையை வேண்டிக்கொண்டு செபமாலை எழுதுவது.

நான் சுகமாக இருக்கிறேன். தாங்கள் சுகமென்று தங்கள் கையெழுத்தில் பார்த்து இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. விலாசம் மாறியிருக்கும் என்று கீரனூரிலிருந்து வந்திருந்த தங்கள் அக்கா சந்தனம் சொன்னார்கள். மாறியிருந்தாலும் யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்று பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன்.

இங்கே நல்ல மழை. கொல்லைச் சுவர் சரிந்துவிட்டது. ஆள் வைத்து எடுத்துக் கட்டிவிட்டேன். அதைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

நான் மதராசில் போய்ப் படித்து வந்ததைப் பற்றி எழுதியது கிடைத்ததோ இல்லையோ. ஆஸ்பத்திரியில் இப்போது எனக்கு ஊசி போடும் வேலை இல்லை. பேச்சு வராதவர்களுக்குப் பேச்சுப் பழக்குகிறேன். வாதம் வந்து வாய் அடைத்தவர்கள், உதடு பிளந்து பிறந்து தையல் போட்ட பிள்ளைகள், இப்படி வருவார்கள். பின்கட்டில் ஓர் அறை, ஒரு பெரிய கண்ணாடி, இரண்டு நாற்காலி. நான் கண்ணாடியைப் பார்த்து ‘ஆ’ என்பேன், அவர்களும் பார்த்து ‘ஆ’ என்பார்கள். மற்ற நர்சுகள் கேலி செய்கிறார்கள். பகலெல்லாம் ஓயாமல் பேசுகிறேன். வீட்டுக்கு வந்தால் கோழியை விரட்டுவதற்கு வாய் திறப்பதோடு சரி.

போன பங்குனியில் கட்டுமாவடியிலிருந்து ராக்கன் என்பவரைக் கொண்டுவந்தார்கள். கடலுக்குப் போகிறவர், நல்ல ஆகிருதி. கரையில் வலை இழுக்கும்போதே விழுந்துவிட்டாராம். வலது கையும் காலும் விழுந்துபோயின. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது, ஆனால் பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் ‘ராசாத்தி’ என்பார். வலிக்கிறதா என்றாலும் ராசாத்தி. கோபம் வந்தாலும் அதுதான்.

அவர் மனைவியின் பெயர் மீனம்மாள்.

ராசாத்தி யார் என்று அந்த அம்மாளுக்குத் தெரியும். ராக்கனுக்குப் பேசி முடித்து, பிறகு நின்றுபோன பெண். வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் எத்தனையோ காலமாயிற்று. மீனம்மாள் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு காலையில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். நான் கேட் வரைக்கும் பின்னாலேயே போனேன். மூளையில் அடி பட்டால் எந்த வார்த்தை தங்கும் என்பது அவர் கையில் இல்லை, சிலருக்குக் கெட்ட வார்த்தை மட்டுமே தங்கும், இதை மனதில் வைக்காதே என்றேன். நின்று கேட்டாள். “நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் சிஸ்டர். ஆனா தங்குனது ஏன் எம் பேரா இல்ல?” என்றாள்.

பஸ் வந்ததும் மூட்டையை ஏற்றிவிட்டு வார்டுக்குத் திரும்பினேன்.

அவள் போனதும் ராக்கன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கண்ணாடி முன்னால் உட்காரவைத்தால் இடது கையால் வாயைப் பொத்திக்கொள்வார். தான் நினைப்பது ஒன்று, வாயில் வருவது ஒன்று என்று அவருக்கே தெரிந்திருந்தது. அந்த ஒரு வார்த்தையையும் விட்டுவிட்டார். பெரிய டாக்டரம்மா, இனி ஊருக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கினேன்.

பாட்டு மூளையில் வேறு இடத்தில் இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கட்டில் காலில் ஒரு கயிற்றைக் கட்டி நுனியை அவருடைய இடது கையில் கொடுத்தேன். நானே வெட்கத்தை விட்டு ‘ஏலேலோ’ என்று ஆரம்பித்தேன். என் ராகம் அவருக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. கயிற்றை ஓர் இழு இழுத்து ‘ஐலசா’ என்றார். தெளிவாக, முழுசாக. பக்கத்துக் கட்டில்காரர்களும் சேர்ந்துகொள்ள, வார்டே வலை இழுத்தது. நான் டாக்டரம்மாவிடம் திட்டு வாங்கினேன். அந்த ராகத்திலேயே ‘தண்ணி வேணும்’, ‘கஞ்சி வேணும்’ என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன். பாடினால் வந்தது. பாட்டை விட்டால் மறுபடி ராசாத்திதான்.

சித்திரை கடைசியில் மீனம்மாள் திரும்பி வந்தாள். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். “வீட்டுல ஒக்காந்து யாருகிட்ட கோவிச்சுக்கிறது சிஸ்டர்? ராசாத்தின்னு கூப்புட்டா என்னங்கன்னு கேட்டுட்டுப் போறேன். தண்ணிதானே கேக்குறாரு.” அப்படியே செய்தாள். அவர் ராசாத்தி என்பார், இவள் “இந்தா வாரேன்” என்று எழுந்து போவாள். அதைப் பார்க்க முடியாமல் நான் பலமுறை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன்.

பெரிய மழைக்கு முன்னால் ஒருநாள் மீனம்மாள் ஜன்னல் ஓரம் நின்று துணி பிழிந்துகொண்டிருந்தாள். ராக்கன் வாயைக் கோணி, வெகுநேரம் கஷ்டப்பட்டு, “மீனா” என்றார். எந்த ராகமும் இல்லாமல். அவள் திரும்பவில்லை. மறுபடியும் “மீனா” என்றார். அப்போதும் திரும்பவில்லை. மற்றப் பெயருக்கு எழுந்து எழுந்து, தன் பெயர் அவள் காதில் விழவில்லை. நான் போய்த் தோளைத் தொட்டேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ ஈரத்துணியோடு அவர் முன்னால் போய் நின்று, “இம்புட்டு நாளு எங்கய்யா போயிருந்த?” என்று சத்தம் போட்டு அழுதாள். அவரும் அழுதார். இப்போது ஊருக்குப் போய்விட்டார்கள். பத்து இருபது வார்த்தை பேசுகிறாராம்.

அந்த வாரத்தில்தான் சந்தனம் அக்கா வந்தார்கள். இலுப்பூர்க்காரர் ஒருவர் கப்பலில் திரும்பியிருக்கிறார். தங்களைக் கடைத்தெருவில் பார்த்தாராம். நல்லபடியாக இருக்கிறீர்களாம். தோளில் ஒரு சின்னப் பிள்ளை இருந்ததாம். யார் பிள்ளை என்று அவர் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லையாம். “அவனுக்கு அங்கிட்டு என்ன இருக்கோ, நீ ஏன்டி காத்துக் கெடக்குற” என்று மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிடாமலே கடைசி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

நானும் தங்களை எதுவும் கேட்கப்போவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பேச்சு வந்துவிட்டதா? இரண்டு வயது தாண்டியும் வராவிட்டால் நாட்டு மருந்து எதுவும் புகட்டாதீர்கள். முதலில் பின்னால் நின்று கைதட்டி, காது கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் பயமில்லை. முகத்துக்கு நேராக உட்கார்ந்து, வாய் அசைவது தெரியும்படி மெதுவாகப் பேசுங்கள். தாயும் அப்படியே செய்யட்டும். அதற்குமேல் சந்தேகம் இருந்தால் எனக்கு எழுதுங்கள். இதற்காக எழுதுவதில் தங்களுக்குக் கூச்சம் வேண்டாம். என்னிடம் எத்தனையோ பேருடைய பிள்ளைகள் வருகின்றன.

அந்தப் பிள்ளை வாய் நிறையப் பேசி வளர மாதா அருள் செய்வாளாக.

இப்படிக்கு,
செபமாலை