தன்னிச்சையாகப் போனதாக எழுதப்பட்ட அண்ணனுக்கு

என் அன்பான டேவிட் அண்ணா,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டமாட்டேன், குறைக்கவும் மாட்டேன். நான் சொன்ன ஒரு பொய்யையும் பொய் என்றே எழுதுவேன். என் கட்டுரைகளைப் படித்துவிட்டு, "எஸ்தரு, இதுல மழ பேஞ்சது நெசமா, இல்ல உனக்கு வேணும்னு பேஞ்சுதா?" என்று கேட்பாயே. இதில் வரும் மூடுபனி நிஜமாகவே வந்தது.

நான்கு பேர் படிக்கப்போகும் கடிதம் என்பதால் உன்னோடு வேலை பார்த்த செல்வராஜ் அண்ணனிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். "எழுதிக்க கண்ணு, எம்பேரையும் போட்டே எழுது" என்றார். அம்மாவிடமும் கேட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

முதலில் வீட்டுச் செய்தி. நான் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். அம்மா எப்போதும்போல எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை பொறுக்கப் போகிறாள். அப்பாவின் முகம் எனக்கு நினைவில்லை என்பதால், வீட்டில் ஆள் குறைவது என்றால் என்னவென்று உன்னால்தான் தெரிந்துகொண்டேன். நம் ஊர் கொட்டச்சேட்டில் உன் நாய் இன்னும் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நீ வழிகாட்டியாக இருந்த விடுதியின் பதிவேட்டில் மானேஜர் இப்படி எழுதியிருந்தார்: "வழிகாட்டி டேவிட், பயணிகளை விட்டுத் தன்னிச்சையாகக் காட்டுக்குள் சென்றார்." யாரும் அனுப்பாமல் போனான் என்பதைத்தான் அவர் அலுவலகத் தமிழில் எழுதினார் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அந்த வரி ஒண்டிக்கடை முக்குக்குப் பேச்சாக வந்து சேர்ந்தபோது அதற்கு வேறு பொருள் வந்துவிட்டது. பட்டாளத்து ஆள் எடுப்பில் மூன்றாம் முறையும் உன்னைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதே வாரத்தில் நீ காட்டுக்குள் போய்ப் பள்ளத்தில் உயிரில்லாமல் கிடந்தாய். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட ஊருக்குத் தெரியாதா?

ஒருநாள் குழாயடியில் ஒரு பெண் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, பையன் அவனாவே போயிட்டானாமா?" அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். குடம் பாதிதான் நிரம்பியிருந்தது. அந்த ஞாயிறு முதல் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது அவள் எழுவதில்லை. பெற்ற பிள்ளையின் மனசு தெரியாமல் இருந்துவிட்டேன் என்று தன்னையே தள்ளிவைத்துக்கொண்டாள்.

நான் பள்ளி நூலகத்தில் அகராதியைத் திறந்து பார்த்தேன். இச்சை என்றால் விருப்பம். தன் இச்சை. அகராதியை மூடிவிட்டேன்.

உண்மையை எழுதுவேன் என்று சொன்னேனே. எனக்கும் சந்தேகம் இருந்தது அண்ணா. அன்று காலையில் உன் பேனாவை என் பையில் போட்டுவிட்டுப் போனாய். நான் கேட்கவே இல்லை. ஏன் கொடுத்தாய்?

அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று உன் சிநேகிதர் செல்வராஜ் அண்ணனிடம் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் வேண்டாம் என்றார். நீ போனபின் ஞாயிறுதோறும் நம் வீட்டில்தான் சாப்பிடுகிறார். அம்மா உன் தட்டில்தான் போடுகிறாள். குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவார். நான்காவது முறை கேட்டபோது, "சனிக்கெழம ரெண்டு மணிக்கு வா" என்று மட்டும் சொன்னார். அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்றேன். நான் சொன்ன பொய் அதுதான்.

கரடியூரைத் தாண்டி வடக்குக் காட்டுக்குப் பயணிகளைக் கூட்டிப்போகும் அந்த விடுதியின் நாலு சக்கர பைக்குகளை அன்றுதான் அருகில் பார்த்தேன். பைக்கின் கைப்பிடி, டிராக்டரின் டயர். அன்று இரண்டு வண்டிகள். முன்வண்டியில் செல்வராஜ் அண்ணனும் அவருக்குப் பின்னால் நானும். பின்வண்டியில் ஈரோட்டிலிருந்து வந்த ஒரு கணவன், மனைவி.

"ஏனுங்க தம்பி, இதுக்குக் கியர் இல்லீங்களா?" என்று அந்த மனிதர் கேட்டார்.

"இல்லீங்க. கட்டவெரல்ல அமுக்குனாப் போகும்."

"அப்ப இவருக்குப் பொருத்தமான வண்டிதானுங்க" என்றாள் மனைவி. "டிவி ரிமோட்ட அமுக்கி அமுக்கி அந்த ஒரு வெரலுதான் வேலை செய்யுது."

"பின்னால உக்காந்து வாரவ நீதான். நெனப்பிருக்கட்டும்."

செல்வராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. நீ வீட்டில் எனக்கு நடித்துக் காட்டுவாயே, அதே வார்த்தைகளில் விதிகளைச் சொன்னார். "முன்வண்டித் தடத்துலயே வாங்க. நான் நின்னா நீங்களும் நின்னுக்கோங்க." பிறகு, நீ சொல்லாத ஒன்றையும் சொன்னார். "எதுக்காகவும் எறங்காதீங்க."

எஸ்டேட் முடியும்வரை எல்லாம் தெரிந்த உலகமாகவே இருந்தது. சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, குனிந்து நிற்கும் காப்பிச் செடிகள். கடைசிக் கம்பிவேலியைத் தாண்டியதும் பறவைச் சத்தம் நின்றது. எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஓரிடத்தில் காட்டெருமைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்ததால் வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தபோதுகூட ஒன்றும் கேட்கவில்லை. இலையிலிருந்து சொட்டும் தண்ணீர்கூட யாருக்கோ பயந்ததுபோல மெதுவாக விழுந்தது.

வெள்ளைப் பாறைக்குக் கீழே, நீ விழுந்த அந்த வளைவில் மூடுபனி வந்தது. வந்தது என்று எழுதுகிறேன், ஆனால் அது வந்ததை நான் பார்க்கவில்லை. ஒரு மரம் இருந்தது, இல்லாமல் போனது. அடுத்த மரமும் அப்படியே போனது. பிறகு எங்கள் வண்டியின் முன்சக்கரமே மங்கலாகத் தெரிந்தது. பகல் மூன்றரை மணிக்கு விளக்குப் போட்டுக்கொண்டு ஆள் நடக்கும் வேகத்தில் போனோம். பாதை தெரிகிறதா என்று பார்க்கச் செல்வராஜ் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி முன்னால் நடந்தார். பின்வண்டிக்காரர் எங்களுக்கு உதவி செய்வதாக நினைத்து விளக்கை பிரைட்டில் போட்டார்.

அப்போதுதான் உன்னைப் பார்த்தேன்.

எங்களுக்கு முன்னால், வெள்ளைக்குள், மிக உயரமான ஒருவன் நின்றிருந்தான். தலை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கைகளை அகட்டி வைத்துக்கொண்டு, உன்னைப்போலவே ஒரு தோள் சற்று இறங்க நின்றான். பின்னால் அந்த மனைவி, "ஏங்க, முன்னால ஆரோ போறாங்க பாருங்க" என்றாள். அவன் எங்களை விட்டு விலகி நடக்கத் தொடங்கினான். அவன் கால்கள் தரையில் படவே இல்லை. 'அண்ணா' என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"லைட்ட அணைங்க" என்று செல்வராஜ் அண்ணன் கத்தினார். "ரெண்டு வண்டியும் அணைங்க. எஞ்சினையும் நிறுத்துங்க. வெரசா."

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. நான் எங்கள் வண்டியின் சாவியைத் திருப்பினேன். பின்வண்டியும் அணைந்தது. அந்த உயரமான மனிதனும் அணைந்துபோனான். விளக்கொளியில் பனியின் மேல் விழுந்த செல்வராஜ் அண்ணனின் நிழல்தான் அது. அவர் நான்கடி தூரத்தில் நின்றார்.

இன்னொன்றையும் பார்த்தேன், அதைக் கவனமாக எழுதுகிறேன். விளக்கு அணைந்ததும் முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. வெள்ளைச் சுவர் போய், சாம்பல் நிறத்தில் கல்லும் புல்லும் பாதையும் வந்தன. பாதையின் இடது ஓரம் எங்கள் சக்கரத்திலிருந்து ஒரு முழம்கூட இல்லை. அதற்கப்பால் மரங்களின் உச்சிகள் எங்கள் காலுக்குக் கீழே இருந்தன.

"ரெண்டு நிமிசம் இப்பிடியே இருந்து காட்டக் கேளுங்க" என்று செல்வராஜ் அண்ணன் விருந்தினரிடம் சொன்னார். அவர்கள் அதை வேடிக்கையின் ஒரு பகுதி என்று எண்ணி, கோயிலில் இருப்பதுபோலக் கிசுகிசுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நான் இறங்கி அவரிடம் போனேன். "அண்ணா, அன்னிக்கு லைட் எரிஞ்சுதுங்களா?"

 அவர் பாறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எரிஞ்சுது கண்ணு. மூணு வண்டி. எஞ்சினும் ஓடிட்டிருந்துது. ஒரு அம்மா கண்ணாடிய உட்டுட்டு வந்துட்டாங்கன்னு அவனேதான் எடுத்தாரேன்னு பின்னால நடந்தான். நாப்பது அடி இருக்கும். அதுக்குள்ள பனி மூடிக்கிச்சு. அங்கிருந்து கூப்புட்டான்."

"கூப்புட்டானுங்களா?"

"செல்வா, லைட்டுன்னான். அதுக்கப்பறம் சொன்னது எஞ்சின் சத்தத்துல கேக்கல. வெளிச்சம் பத்தலையாட்ட இருக்குதுன்னு வண்டியத் திருப்பி அவம்மேல பிரைட்டுப் போட்டேன். மறுக்காவும் லைட்டுன்னு கத்துனான். பின்னால நின்ன வண்டியவும் பிரைட்டுப் போடச் சொன்னேன்." மூச்சு வாங்கினார். "அணைடான்னு சொல்லியிருக்கான் சாமி. அது எனக்கு மக்யா நாளு விடிஞ்சு இங்க வந்து நின்னப்பத்தான் வெளங்குச்சு. அதுக்கப்பறம் கல்லு உருண்ட சத்தந்தான். கீழ எறங்கிப் பாத்தப்ப அந்தக் கண்ணாடி அவங் கையிலதான் இருந்துச்சு."

ஒரு நிமிடம் அவரை வெறுத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். அந்த வெறுப்புக்கு அடியிலிருந்து இன்னொன்று எழுந்து வந்தது, அது சந்தோஷம். அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டே சந்தோஷப்பட்டேன். நீ கூப்பிட்டாய் அண்ணா. ஒரு முறைக்கு இரண்டு முறை கூப்பிட்டாய். போக நினைத்தவன் வழி கேட்டுக் கூப்பிடுவானா? கையில் அந்த அம்மாவின் கண்ணாடியோடு திரும்பி வந்துகொண்டிருந்தாய்.

"உங்கம்மா கையால சோறு திங்கும்போதெல்லாம் சொல்லிருலாம்னு நெனப்பேன். வாய் வராது" என்றார். "நீயே சொல்லிரு கண்ணு."

"நாஞ்சொன்னா அது கதைங்க. நீங்க சொன்னாத்தான் சாட்சி."

அவர் வந்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டு வாசலில் நின்று, உள்ளே வராமல், எல்லாவற்றையும் சொன்னார். அம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கேட்டாள். முறம் ஆடவில்லை. அவர் முடித்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"சத்தமாக் கூப்புட்டானா?"

"நொம்ப சத்தமாங்கம்மா."

அம்மா அழுதாள். பத்து மாதத்தில் முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். அவரைத் திட்டுவாளோ, கதவைச் சாத்துவாளோ என்று பயந்துகொண்டு நின்றேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாசல்ல நின்னு பேசாத. உள்ள வா" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஸ்பெஷல் கிளாஸ் நல்லா நடத்துனாங்களா?" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. கடைசி பெஞ்சிலிருந்து அம்மா எழுந்து நடுவழியில் நடந்தாள். குழாயடியில் கேட்ட பெண் இரண்டு பெஞ்ச் முன்னால் இருந்தாள். அம்மா அவளைத் தாண்டிப் போய்ச் சாமியாருக்கு முன்னால் நின்றாள்.

செல்வராஜ் அண்ணன் மானேஜரிடமும் போய்ச் சொன்னார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் பதிவேட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "எழுதுனத அடிக்க முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டாராம். அண்ணா, இது என் வாக்கு. தன்னிச்சையாக என்ற சொல்லுக்குப் பக்கத்தில், "அழைத்தார், நாங்கள் சரியாகக் கேட்கவில்லை" என்று மானேஜர் தன் கையாலேயே எழுதும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த அலுவலகத்துக்குப் போவேன். உன் பேனாவைக் கொண்டுபோவேன். அதை ஏன் கொடுத்தாய் என்று இனி கேட்கமாட்டேன்.

கடைசியாக ஒன்று. நேற்று மாலை அம்மா அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு கையில் குடையும் மறு கையில் செல்வராஜ் அண்ணனின் சட்டையுமாக நாலு சக்கர பைக்கில் நடுவில் உட்கார்ந்தாள். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். "எருமைக்குப் பொறந்த வண்டியாட்ட இருக்குது" என்றாள்.  வளைவுக்குப் போவதற்குள் பனி இறங்கிவிட்டது. முன்னால் வெள்ளைச் சுவர் மட்டும் நின்றது. அதற்குள் ஏதோ அசைவதுபோலத் தெரிந்தது. அது நிழலா என்று திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வேறு வண்டியே இல்லை.

அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தவளாகத் தெரியவில்லை. குனிந்து அவர் காதருகே, யாரோ சொல்லச் சொன்னதைச் சொல்வதுபோல, தெளிவாகச் சொன்னாள்.

"செல்வா, லைட்ட அணைச்சுரு சாமி."

விளக்குகள் அணைக்கப்பட்டன.

உன் தங்கை,
எஸ்தர்