கொடியில் ஆடிய சுங்குடிச் சேலை

ஞாயிறு, இரவு.

பேரன் அருளுக்கு ரயில்வேயில் வேலை. பேத்தி செல்வி நர்சிங்கில் முதலாவதாக வந்துவிட்டாள். சின்னவள் கயல் பேய்ப்படமே எடுத்துவிட்டாள். இன்று திண்டுக்கல் தியேட்டரில் போய்ப் பார்த்தோம். பாதிப் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள், பாதிப் பேர் திட்டிக்கொண்டே வெளியேறினார்கள். படத்தில் பேய் ஒரு தடவைகூட வரவில்லை. கயல் என்னிடம் வாங்கிப்போய், படம் எடுத்து முடிந்ததும் திருப்பித் தந்த சுங்குடிச் சேலைதான் கொடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அதன் புள்ளிகளெல்லாம் முழிக்கிற மாதிரி எடுத்திருந்தாள்.

"சேலையக் காட்டியே ஓட்டிட்டா ஒங்க பேத்தி. இதுக்கா இம்புட்டுப் பேச்சு, மதினி?" என்றாள் கூட வந்த பக்கத்து வீட்டு ராணி. எனக்குச் சுருக்கென்றது.

பொழுது சாய்ந்ததும் அவளே சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"மதினி, கொடியில கெடக்குற அந்தச் சேலைய உள்ள எடுத்துப் போடுங்க. கொல்லைப் பக்கம் போக முடியல."

செத்த நேரம் கழித்துத்தான் எடுத்தேன்.

நாளைக்கே கயலுக்குக் கடிதாசி போட வேண்டும்: கயலு, புதுப் போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு தாயி. சுங்குடி கட்டிக்கொண்டு எடு. ராணி கண்ணில் படுகிற மாதிரி வாசலுக்கு நேரே மாட்ட வேண்டும்.