பாதி மைதானத்துக் கோரை

ஜூலை 4

என் பெரிய படிப்புக்காரிக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் இரண்டே நிமிடத்தில் இரண்டு பேரும் கத்திவிடுகிறோம், அதனால்தான் கடிதம். நானும் அம்மாவும் நலம். மைதானம்தான் நலமில்லை. இருபத்திரண்டு வருஷமாக நான் சீவிச் சிங்காரித்த பள்ளி மைதானத்தில் இப்போது புல்லைவிடக் கோரைதான் அதிகம். "இது மைதானமா, மாட்டுக்கு மேய்ச்சல் காடா?" என்கிறார் விளையாட்டு ஆசிரியர். செப்டம்பரில் போட்டி. அதற்குள் சரியாகாவிட்டால் செயற்கைப் புல் விரித்து, என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். ஒரு வாரமாக மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் எத்தனையோ செடி இருக்க, இந்தச் சனியனைத்தானே நீ ஆராய்ச்சி செய்கிறாய்? அது எதற்குச் சாகும் என்று மட்டும் எழுது.

இரண்டு வருஷமாக ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை.

அப்பா

ஜூலை 19

அன்புள்ள அப்பா,

முதலில் மண்வெட்டியைக் கீழே வையுங்கள்! கோரையின் உயிர் மேலே இல்லை. மண்ணுக்குள், கிழங்கில் இருக்கிறது. கிழங்குகள் மணிச்சரம்போல் ஒன்றோடொன்று கோத்திருக்கும். சரம் அறுந்தால், தூங்கிக்கொண்டிருந்த கிழங்கெல்லாம் விழித்து முளைக்கும். ஒன்றை வெட்டிப் பத்தாக்கியிருக்கிறீர்கள். அது புல்லே இல்லை அப்பா. தண்டை விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், மூன்று பட்டை தெரியும். இங்கே நாற்பது தொட்டியில் வளர்க்கிறேன். கிழங்கைக் கீறினால் என்ன வாசனை தெரியுமா! குளியல் பொடியில் சேர்ப்பது இதைத்தான். ஈரமும் வெயிலும் இருந்தால் எங்கேயும் பிழைத்துக்கொள்ளும். நிழல் மட்டும் ஆகாது. வெளிச்சம் புகாத தார்ப்பாயால் ஆறு வாரம் மூடி வையுங்கள். அடியோடு அழியாது, ஆனால் அடங்கும்.

பேராசிரியர் விடுமுறை தரவில்லை அப்பா.

மகள்

ஆகஸ்ட் 6

அருமை மகளுக்கு,

உன் கடிதம் வந்து சேர்வதற்குள் மூன்று முறை கொத்தி முடித்துவிட்டேன். கோரை இப்போது சீப்பு நுழையாத தலைமுடி மாதிரி நிற்கிறது. தார்ப்பாய் பாதி மைதானத்துக்குத்தான் கிடைத்தது. ஆறு வாரமாம்! கோரைக்குப் பொறுமை இருக்கிறது, விளையாட்டு ஆசிரியருக்கு எங்கே இருக்கிறது? "என்னய்யா, மைதானத்துக்குப் போர்வை போத்திட்டு நீயும் தூங்குறியா?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்கிறார். தார்ப்பாய் ஓரத்தில் இன்னொரு கல்லைத் தூக்கி வைத்தேன்.

இன்னொன்று. அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். உன் பேராசிரியர் மறுக்கவில்லையாம். நீ கேட்கவே இல்லையாம். வர இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல்லக் கூடாதா?

அப்பா

ஆகஸ்ட் 22

அப்பா,

ஆமாம், கேட்கவில்லை. போன தடவை வந்தபோது, வீடு நிறையச் சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் படிச்சு, களை வளர்க்கப் போயிருக்கா எம்பொண்ணு" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இன்றைக்கு அந்தக் களை உங்கள் வேலைக்கே உலை வைத்ததும் என் படிப்பு ஞாபகத்துக்கு வந்துவிட்டது, இல்லையா?

தார்ப்பாயை நடுவில் தூக்கிப் பார்க்காதீர்கள்.

மகள்

செப்டம்பர் 24

கண்ணு,

போட்டி வேறு மைதானத்தில் நடந்து முடிந்துவிட்டது. இந்த மாதத்தோடு எனக்கும் வேலை முடிகிறது. நேற்றுப் பள்ளி நிர்வாகிகள் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் தார்ப்பாயைச் சுருட்டினேன். கொத்தியதோடு மூடாமல் விட்ட பாதியில் பச்சைப் பசேலென்று கோரை. மூடிய பாதியில் வெறும் மண்; அங்கங்கே வெளுத்துப்போன முளை ஒன்றிரண்டு. "முழுசும் மூடியிருக்கலாமே! இது யார் யோசனை?" என்றார் ஒருவர்.

"எம்பொண்ணு யோசனை. இதுல அவ கெட்டிக்காரி. அவகிட்ட நான்தான் லேட்டா கேட்டேன்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது. விளையாட்டு ஆசிரியர் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்குச் சிரித்தவர்களை எல்லாம் மறுபடி கூட்டிவைத்துச் சொல்ல முடியாது. நான் பேசியது தப்பு. எழுதிவிட்டேன், இதை நீட்டி எழுதச் சொல்லாதே.

இனி நீ விடுமுறைக்காக யாரையும் கேட்க வேண்டாம். எனக்கு நிறையவே கிடைத்துவிட்டது. நானும் அம்மாவும் அங்கே வரலாமா? வேண்டாம் என்றாலும் எழுது. அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா