நாணல் முன்னதாகவே நரைத்த வருடம்

என் வாயாடி மகளுக்கு,

அம்மா எழுதுவது. உன் அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசிவிடுவாய், எனக்கோ தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் மீன்வளத் துறையிலிருந்து ஒரு பெண் வந்து, ஏரிக்கரைக் கோயிலில் நான் பாடுவதைக் கேட்டாள். "நாணல் நரைத்தால் தாய்வாசல் அடை, நாற்பது நாள் வலை தொடாதே" என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, தாய்வாசல் என்றால் எது என்றாள். கோயில் கதவுதான், வருடாவருடம் காலண்டரில் குறித்த தேதியில் பூட்டுகிறோமே, அந்த நாற்பது நாளும் யாரும் வலை போடுவதில்லையே என்றேன். அவள் ஓடை வந்து ஏரியில் சேரும் வாயைக் காட்டி, "சினை மீன் முட்டை போட இந்த வழியாத்தான் மேல ஏறுதுக்கா, அதுவும் நாணல் பூக்கிறப்பதான்" என்றாள். இருபத்தெட்டு வருடமாகப் பாடுகிறேன், ஒரு நாள்கூட நாணலை நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். வெள்ளை வெளேரென்று நின்றது. கோயில் பூட்டும் தேதிக்கோ இன்னும் மூன்று வாரம் இருந்தது.

என் வலையைச் சுருட்டி வைத்துவிட்டேன். படகுச் சங்கத் தலைவராயிற்றே உன் சித்தப்பா, வாசலில் வந்து நின்று, "சாமி உங்க கனவுல வந்து தேதிய மாத்துச்சா அண்ணி?" என்று கத்தினார். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத உன் அப்பா எழுந்து போய்த் தன் வலையையும் சுருட்டினார். ஏன் என்று கேட்டால், "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்கிறார். நான் எங்கே சொன்னேன்! மறுநாள் சித்தப்பா ஓடை வாயிலேயே வலை போட்டார், படகு நிறைய மீன். அதை ஆய்ந்து கழுவ உட்கார்ந்த சித்தி, அறுத்த வயிற்றிலெல்லாம் சினையைப் பார்த்து, நாலாவது மீனோடு கத்தியைக் கீழே வைத்துவிட்டாளாம். சாயங்காலம் சித்தப்பா வந்தார், உட்காரவில்லை, "சாவியக் குடுங்க அண்ணி" என்று வாங்கிப்போய்க் கோயிலைப் பூட்டினார். இப்போது ஏரியில் ஒரு படகு இல்லை.

எல்லாரும் என்னை விஷயம் தெரிந்தவள் மாதிரி பார்க்கிறார்கள். நான் எதையும் தெரிந்து பாடவில்லையே. இத்தனை வருடமும் தப்பான நாளில், தப்பான கதவைப் பூட்டியிருக்கிறோம் என்றால் சாமி ஏன் சும்மா இருந்தது? கும்பிடும்போது கண்ணை மூடுவதா, திறந்து ஏரியைப் பார்ப்பதா என்றே குழப்பமாக இருக்கிறது. நேற்று திறந்துகொண்டே கும்பிட்டேன். தப்பா?

பாட்டு முழுவதையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்யாதே, ஒவ்வொரு வரியையும் சந்தேகப்பட்டுப் படி. குளிரில் காலுறை போட மறக்காதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா