கூட்டிச் சொன்ன இரண்டு வயது

இன்று காலை கதவுக்குப் பின்னால் தொங்கிய உன் படங்கை எடுத்தேன். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றுகிற பிளாஸ்டிக் தாள்தான். தேயிலைக் கறை வாசம் இன்னும் போகவில்லை. உன் மகள் மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு இதை மட்டும் என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கும் இதைக் கட்டிக்கொண்டுதான் பக்கத்துத் தேயிலை நிரையில் நின்றாய். தம்பிக்குத் தூக்குத் தேதி குறித்து ஜெயிலிலிருந்து கடிதம் வந்திருந்தது. எல்லாக் கோர்ட்டும் கைவிட்டாயிற்று, கருணை மனுவும் தள்ளுபடி. இன்னும் ஒன்பதே நாள். "பதினேழு வயசுல புத்திகெட்டுச் செஞ்சதுக்கு..." என்று அழுதேன். உன் கை நின்றது.

"என்னட்டி சொன்ன? பதினேழா? கேஸ்ல பத்தொன்பதுன்னுல்லா இருக்கு?"

பாழாய்ப்போன வாய் உளறிவிட்டது. அப்பா செத்தபோது, வீட்டில் ஒருவருக்காவது நிரந்தர வேலை இல்லையென்றால் தோட்டம் தந்த லயத்து வீட்டைக் காலி செய்யவேண்டும் என்றார்கள். அம்மாவுக்கும் எனக்கும் தற்காலிக வேலைதான். பதினாறு வயதுத் தம்பியைப் பதினெட்டு என்று சொல்லி அம்மா வேலையில் சேர்த்தாள். நம் தோட்டத்தில் யார்தான் அப்படிச் செய்யவில்லை? அடுத்த வருடம் அவன் அந்தக் கொலையைச் செய்தான். போலீஸ் தோட்டத்துப் பதிவில் இருந்த வயதையே எழுதிக்கொண்டது. அவன் வேலை எனக்கு வந்திருந்தது; பொய் தெரிந்தால் அதோடு வீடும் போய்விடும் என்று நானும் அம்மாவும் வாயைத் திறக்கவில்லை. வயதுக்குக் கோர்ட்டில் அத்தனை மதிப்பு என்பதும் எங்களுக்குத் தெரியாது.

"அட கூறுகெட்டவளே! வீடு போனா வேற வீடு. தம்பி போனா வேற தம்பி உண்டாட்டி?"

"ஒரு உயிர் போயிருக்கே" என்றேன்.

"போயிருக்கு. அந்தப் பாவம் அவன் சாகுமட்டும் சுமக்கட்டும். நம்ம பொய்யில அவன் ஏன் தொங்கணும்?"

நிரையில் நின்றபடியே வக்கீலுக்குப் போன் போட்டாய். குற்றம் நடந்த அன்று பதினெட்டு ஆகாதவனைத் தூக்கிலிட முடியாது, இப்போதும் மனுப் போடலாம், ஆனால் முதலில் சேர்ந்த பள்ளிக்கூடத்தின் சான்று வேண்டும் என்றார். வேலையை விட்டுவிட்டு, அவன் படித்த பள்ளிக்கூடம் இருக்கும் ஏலப்பாறைக்கு ஜீப் ஏறினோம். அடுத்த வாரம் வரச் சொன்னார் ஹெட்மாஸ்டர். நீ தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

"சாரே, அடுத்த வாரம் வாங்கி அந்தச் சீட்ட எங்க ஒட்ட? அவன் குழிமேலயா?"

அவர் பீரோவைத் திறந்தார். வெளியே கொட்டுகிற மழை. சான்றை இந்தப் படங்கில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நீ முழுக்க நனைந்தாய். "நான் நனைஞ்சா காஞ்சிருவேன்" என்றாய்.

தூக்குக்கு முந்தின நாள் மத்தியானம், கொழுந்து எடைபோடும் இடத்தில் போன் வந்தது. தடை உத்தரவு! நான் அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டேன். என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "எந்திரிட்டி, கொழுந்து வாடுது" என்றாய். உன் கண்ணும் நனைந்திருந்ததை நான் பார்த்தேன்.

விசாரணை முடிவதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. அத்தனை பிடிவாதக்காரி இதில் மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டாயே.

தம்பிக்கு அன்று பதினேழுதான் என்று கோர்ட் ஒப்புக்கொண்டது. போன வாரம் விடுதலையாகி வந்துவிட்டான். தலை பாதி நரைத்திருக்கிறது. கதவைத் திறந்துவைத்தே தூங்குகிறான். வீட்டை இதுவரை யாரும் கேட்கவில்லை. நாங்கள் அத்தனை வருடம் பயந்தது இந்த வீட்டுக்குத்தான்.

இன்று ரேஷன் கார்டில் அவன் பேரைச் சேர்க்கப் போனோம். மழை. காகிதங்களை உன் படங்கில்தான் சுற்றிக்கொண்டேன். "வயசு?" என்று கேட்டார்கள். தம்பி என் முகத்தைப் பார்த்தான். அவனுடைய சரியான வயதைச் சொன்னேன், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.