நடுவிரலில் அழுத்திய சொல்

இன்று காலை ஆட்டுச்சந்தைப் பக்கம் பஸ் நின்றது. இரண்டு வியாபாரிகள் கைகளை ஒரே துண்டுக்குள் விட்டு, விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வாயில் ஒரு வார்த்தை இல்லை. உன் நினைவு வந்துவிட்டது, புள்ள. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாய்மொழித் தேர்வின் பயம் போகவில்லை.

அப்போது நாம் நர்ஸ் பயிற்சியில் இருந்தோம். நீ தோல் வியாபாரி வீட்டுப் பெண். நான் எரியோடு பக்கத்து வெங்காயக் காட்டிலிருந்து வந்தவள். தைராய்டெக்டமி என்று ஒரு சொல், கழுத்துச் சுரப்பியை அறுத்தெடுக்கும் ஆபரேஷன். அது என் வாயில் நுழையவே மறுத்தது. தேறாவிட்டால் ஊருக்குப் போய் மாமனைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அய்யா பரிசத்துக்கு நாள் பார்த்து வைத்திருந்தார்.

"அம்புட்டையும் ஒரே மூச்சுல முழுங்காத புள்ள. எங்க அத்தா சந்தையில தோலுக்கு வெல பேசுற மாதிரி விரல் விரலா பேசு" என்று என் கையைப் பிடித்து உன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய். பெருவிரலில் தை, அடுத்ததில் ராய், நடுவிரலில் டெக், பிறகு ட, மி. நடுவிரலை மட்டும் நகம் பதிய அழுத்துவாய். "இங்கதான் சத்தம் ஏறணும்." வலிக்கும். பாவி, விடமாட்டாய்.

தேர்வன்று மேட்ரன் நம்மை ஜோடி ஜோடியாக மேசைமுன் நிறுத்தினார். நமக்கு முன்னால் போன ஜோடியில் ஒருத்தி அழுதுகொண்டே வெளியே வந்தாள். என்னிடம் அந்தச் சொல்லையேதான் கேட்டார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சேலை மறைவில் உன் கை வந்து என் பெருவிரலைத் தொட்டது.

"கையில என்ன?" மேட்ரன் எழுந்தே விட்டார். காப்பியடிக்கிறோம் என்று நினைத்திருப்பார்.

நீ கையை விரித்துக் காட்டினாய். "ஒண்ணுமில்ல மேடம். இவளுக்குக் கை நடுங்குது, பிடிச்சிருக்கேன். அது தப்புன்னா என்னையும் சேத்து வெளிய அனுப்புங்க."

ஐயோ, உனக்கென்ன தலையெழுத்து! உன்னைப் படிக்க அனுப்பியதே உன் வீட்டில் பெரிய சண்டைக்குப் பிறகுதான். மேட்ரன் உன்னைச் சுவரோரம் போய் நிற்கச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "இப்பச் சொல்லு" என்றார்.

கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் விரல்களை நானே அழுத்தினேன். தை. ராய். டெக். ட. மி. மேட்ரன் என்னையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து மார்க் போட்டார்.

வெளியே வந்ததும், "உன்னையும் அனுப்பியிருந்தா என்னடி செஞ்சிருப்ப?" என்று கத்தினேன்.

"தோலுக்கு உப்புத் தடவிக்கிட்டு இருந்திருப்பேன். வா புள்ள, பசிக்குது" என்றாய்.

மாமன் வேறொருத்தியைக் கட்டி நன்றாகவே இருந்தார். நான் தலை நரைக்கும்வரை வார்டில் நின்றேன். நீதான் இப்போது இல்லை. கடைவீதியில் முகம் நினைவில்லாத யாராவது, "சிஸ்டர், நல்லா இருக்கீகளா?" என்று இன்னமும் கேட்கிறார்கள். அவர்களை நிறுத்தி, அந்தப் பெயரை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் நீ என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.