ஓரத்தில் இருந்த நான்கு வரி

யாழ்ப்பாணம்
14.06.1992

அன்புள்ள ஸ்ரெல்லாவுக்கு,

ஆண்டவர் உன்னைச் சுகத்தோடு காப்பாராக. நீ ஜெர்மனியிலிருந்து மாசியில் போட்ட கடிதம் வைகாசிக் கடைசியில்தான் கைக்கு வந்தது. உறை ஒரு பக்கம் கிழிந்திருந்தாலும் உள்ளே ஒன்றும் குறையவில்லை. கொழும்புக்குப் போகும் ஒருவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். எழுதும் தாள் கிடைப்பதில்லை. பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கச் சிவப்பு மையைப் பொருட்படுத்தாதே.

உனக்குக் கல்யாணம் சரிவந்தது பெரிய சந்தோஷம். அங்குள்ள சுவாமியார் ஞானஸ்நானப் பத்திரம் கேட்பது முறைதான். எங்கள் கோயிலும் சுவாமியார் தங்கும் அறைவீடும் போன வருடம் குண்டு விழுந்து எரிந்ததை நீ அறிவாய். சுவாமியாரின் அலுமாரியில் இருந்த ஞானஸ்நான மூலப் புத்தகங்களில் ஒரு தாளும் மிஞ்சவில்லை. ஆயர் இல்லத்துக்கு வருடாவருடம் அனுப்பிய பிரதிகள் மட்டும் இருக்கின்றன. அவற்றில் முப்பது வருடப் பிரதிகள் என் கையெழுத்தில் உள்ளவை.

பத்திரத்தோடு இன்னொன்றும் கேட்டிருக்கிறாய். உன் பதிவின் ஓரத்தில் தகப்பன் பெயர் இருந்ததா, ரீச்சருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று. அதைக் கடைசி வரியில், போகிற போக்கில் கேட்டதுபோல் எழுதியிருக்கிறாய். எட்டாம் வகுப்பிலும் நீ அப்படித்தான். முக்கியமான கேள்வியை மணி அடித்த பிறகுதான் கேட்பாய்.

நீ பராமரிக்கும் முதிய அம்மாவைப் பற்றி எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். அவருடைய பாட்டனின் பாட்டனுக்குத் தகப்பன் இல்லையென்று பத்து வருடமாக நம்பியிருந்தாராம். அவர் பார்த்தது நீதிமன்றத்துக்குப் போன பிரதி. நீ அவரைக் கிராமத்துக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டுபோய் மூலப் புத்தகத்தைத் திறந்தபோது, ஓரத்தில் தகப்பனின் பெயர் இருந்ததாம். பிள்ளை பிறந்து மூன்று வருடம் கழித்துத் தாயை மணம் செய்து, பிள்ளை தன்னுடையது என்று சொல்லியிருக்கிறான். பிரதி அதற்கு முன்பே போய்விட்டதால் அதில் அந்தக் குறிப்பு ஏறவில்லை.

அந்த அம்மாவுக்கு என் சார்பில் ஒன்று சொல்லு. ஒரு வருடத்துப் பதிவுகள் எல்லாம் ஒரே மையில், ஒரே சீரான எழுத்தில் இருந்தால் அது ஒரே இருப்பில் எழுதிய பிரதி. மூலப் புத்தகத்தில் மை மாறும், அவசரம் தெரியும், கை நடுங்கியதுகூடத் தெரியும். அழகான எழுத்தை நம்பவேண்டாம் என்று சொல்லு.

உன்னுடைய பதிவிலும் அப்படித்தான் நடந்திருக்கும், பிரதி முந்திப் போயிருக்கும் என்று நீயே எனக்கு ஒரு காரணம் எழுதித் தந்திருக்கிறாய். அது உன் நல்ல மனது. ஆனால் அப்படி நடக்கவில்லை.

1961ஆம் ஆண்டு ஆனி மாதம், ஞாயிறு பூசை முடிந்த பிறகு, அறைவீட்டு மேசையில் நான் பத்திரங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். என் தம்பி செபநாயகம் உள்ளே வந்தான். அவன் மன்னாரில் அலுவலக லிகிதராக இருந்தான். புத்தகத்தை எடுக்கும்படி சுவாமியாரைக் கேட்டான். சுவாமியார் உன் பதிவின் ஓரத்தில் இரண்டு வரி இலத்தீனில் எழுதினார். அதன் கீழே தம்பி இரண்டு வரி தமிழில் எழுதினான்: இந்தப் பிள்ளையின் தகப்பன் நான், இதை என் சொந்த விருப்பத்தோடு சொல்கிறேன் என்று. கையெழுத்து வைக்க என் பேனையைத்தான் வாங்கினான். திருப்பித் தரும்போது, “தை பிறக்கக் கலியாணம், அக்கா. நீங்கள் வராட்டி நான் மாலை மாத்தமாட்டன்” என்று சிரித்தான். நான் பேனையைத் துடைத்து மூடினேன்.

ஐப்பசியில் நெருப்புக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோனது. கல்யாணம் நடக்கவில்லை.

தை மாதத்தில் வழக்கம்போலப் பிரதி எழுத உட்கார்ந்தேன். உன் பதிவு வந்தது. தகப்பன் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்தேன். ஓரத்தில் இருந்த நான்கு வரியையும் எழுதவில்லை. அடியில், மூலத்துடன் ஒப்பிட்டுச் சரி பார்க்கப்பட்டது என்று எழுதி ஒப்பமிட்டேன். அப்போது என் கணவர் உயிரோடிருந்தார். குறிப்பையும் எழுதினாயா என்று கேட்டார். படிவத்தில் ஓரம் இல்லை என்றேன். அதன்பின் சாகும்வரை அவர் அதைப்பற்றிக் கேட்கவில்லை.

உன் அம்மா தங்கமுத்து கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலை செய்தவள். உரும்பிராய்ச் சைவக் குடும்பம். கிறிஸ்தவ வேதத்துக்கு வந்ததால் அவளுடைய ஆட்களும் அவளைக் கைவிட்டார்கள். எங்கள் குடும்பத் தகுதிக்கு அவள் காணாது என்று நினைத்தேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. இருந்தால் எழுதியிருப்பேன்.

உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் காலத்தில் அவள் என் வீட்டுப் படலைக்கு வந்தாள். உன்னையும் கையில் பிடித்திருந்தாள். “ரீச்சர், அவர் எழுதேக்கை நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள். பத்திரத்திலை அவரின்ரை பேரைப் போட்டுத் தாருங்கோ” என்றாள். பழைய சுவாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர் நான் எழுதியதற்கெல்லாம் வாசிக்காமல் ஒப்பமிடுவார். “புத்தகத்திலை உள்ளதைத்தான் எழுதலாம்” என்று சொல்லி, பத்திரத்திலும் கோடு இழுத்துக் கொடுத்தேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அதை இரண்டாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகு நீ என் வகுப்புக்கு வந்தாய். ஓரம் விடாமல் எழுதினாய் என்று உன் கொப்பியை எத்தனை தரம் திருப்பித் தந்திருப்பேன். உன் அப்பாவின் ‘ழ’ போலவே உன் ‘ழ’வும் வால் நீண்டிருக்கும். அதற்கும் புள்ளி குறைத்தேன்.

உன் அம்மா சொன்னது பொய்யென்று ஊர் சொன்னது. அவள் சொன்னது உண்மை. அதை அறிந்தவர்களில் இன்று உயிரோடிருப்பது நான் ஒருத்திதான். நானும் எழுபத்திரண்டு வயதைக் கடந்துவிட்டேன்.

போன கிழமை ஆயர் இல்லத்துக்கு நடந்து போனேன். அங்கே பொறுப்பாயிருக்கும் இளம் சுவாமியார் பிரதியை எடுத்துத் தந்து, இவ்வளவு வடிவான எழுத்தை இந்த அலுமாரியில் வேறெங்கும் காணவில்லை என்று புகழ்ந்தார். நான் உட்கார்ந்து முழுவதையும் சொன்னேன். மூலம் எரிந்துவிட்டதால் பிரதியைத் திருத்த முடியாது, ஆனால் கண்டவரின் சத்தியக்கடதாசியைப் பதிவோடு சேர்க்கலாம் என்றார். சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியம் செய்து கொடுத்தேன். அது இப்போது உன் பதிவின் பக்கத்தில் இருக்கிறது. முத்திரை வைத்த ஒரு பிரதியும் உன் பத்திரமும் இதனுள் இருக்கின்றன. இந்தப் பிரதியை ஆயர் இல்லத்தில் வேறு ஒருவரைக்கொண்டு எழுத்தெழுத்தாக ஒப்பிடச் செய்தேன்.

தம்பி மன்னாரிலிருந்து எனக்கு எழுதிய கடிதம் ஒன்றும் உள்ளே உண்டு. பிள்ளைக்கு ஸ்ரெல்லா என்று பெயர் வைத்தோம், ஒருதரம் போய்ப் பாருங்கோ அக்கா என்று எழுதியிருக்கிறான். நான் போகவில்லை. மூலக் கடிதத்தையே அனுப்புகிறேன், பிரதி எடுக்கவில்லை. அது உனக்குரியது.

நேற்றுச் சேமக்காலைக்குப் போய் உன் அம்மாவின் கல்லறையைத் துப்புரவாக்கினேன். அவளிடம் கேட்டிருக்கவேண்டியதை இனி உன்னிடம்தான் கேட்கவேண்டும். அதைத் தாளில் எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. நீ வாசித்து விளங்கக்கூடியவள்.

கல்யாண அழைப்பு அச்சடித்தால் காலஞ்சென்ற செபநாயகம், தங்கமுத்து ஆகியோரின் மகள் என்று போடு. யாராவது ஆதாரம் கேட்டால் என் பெயரைச் சொல்லு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இருவரும் நீண்டநாள் ஒற்றுமையாய் இருக்க ஒவ்வொரு நாளும் உன் பெயரையும், உன் அப்பா அம்மாவின் பெயர்களையும் சொல்லிச் செபிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமி
அருமைநாயகி